அத்தா நின்ற ஜாமீன்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் அத்தாவின் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன் பெண்டாட்டியை விறகுக்கட்டையால் அடித்துவிட்டான். போலீஸ் அவனைப் பிடித்துப்போக, அவள் எங்கள் வீட்டில் தங்கினாள். மறுநாள் காலை அத்தாவே ஸ்டேஷனுக்குப் போய் அவனுக்கு ஜாமீன் நின்றார். தோல்கள் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிக்கிடந்தன. பக்குவம் பார்த்து எடுக்க அவனை விட்டால் ஆளில்லை. விஷயத்தை வீட்டில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசிய அவள், மதியம் அத்தாவின் சோற்றுத் தூக்கை ஷாப்புக்கு எடுத்துப் போனாள். முகமெல்லாம் ரத்தமாகத் திரும்பினாள். பின்னாலேயே அத்தாவும் வந்தார்.

"விட்டுட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, சாணார்பட்டிக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பேனே மொதலாளி" என்றாள்.

அத்தா அவளைப் பார்க்கவில்லை. அம்மாவிடம், "தோல் ஒண்ணும் கெடல" என்றார்.

அவர் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூசுகிறது.