ஏறி உட்கார்ந்த எலுமிச்சை

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் மச்சானை ஓர் எலுமிச்சை ஏமாற்றிவிட்டது.

மச்சான் என்றால் என் அக்கா லெட்சுமியின் கணவர். காலையிலேயே போன் போட்டார். "டயர் மாத்தியாச்சு. சாமி கும்புடணும், வந்துட்டுப் போ லா."

பாவம், பழைய டயர் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வாசலில் அவருடைய பிக்கப் நின்றது. நின்றது என்று சொன்னால் போதாது... எழுந்து நின்றது. டயரின் உச்சி என் இடுப்புக்கு வந்தது. கட்டைகட்டையாகப் பற்கள், பற்களுக்கு நடுவே பள்ளங்கள். ரிம்மும் புதுசு, பெரிசு. இவ்வளவு பெரிய டயர் போட்டால் திருப்பும்போது மட்கார்டில் உரசுமாம். அதனால் வண்டியையே மேலே தூக்கிவிட்டார்களாம். செருப்பு பெரிதாகிவிட்டது என்று காலை இழுத்து நீட்டிக்கொண்ட கதைதான்!

"மட் டயர் மச்சான் இது. எந்தச் சேத்துலயும் போலாம்" என்றார்.

எந்தச் சேற்றில்? மச்சானுக்கு வேலை ஈப்போ டவுனில், ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில். போகிற வழியில் சிக்னல் இருக்கிறது, ஜாம் இருக்கிறது, நாசி லெமாக் கடை இருக்கிறது. சேறு இல்லை. அந்த வண்டியின் பின்பக்கத்தில் இதுவரை ஏறிய பெரிய பாரம் ஒரு தீபாவளிக்கு வாங்கிய சோபா. அதுவும் தார்ப்பாய் விரித்து, கீறல் விழாமல்.

எங்கள் அப்பாக்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்போது சுற்றிலும் சேறுதான். மழைக்காலத்தில் லயத்து வீட்டு வாசலிலேயே முழங்கால் வரை புதையும். அந்தச் சேற்றில் அவர்கள் தேய்ந்துபோன டயரோடு சைக்கிள் ஓட்டினார்கள். பிள்ளைகள் தார் ரோட்டுக்கு வந்தோம், வீட்டு வாசல் வரை சிமெண்டு போட்டோம்... இப்போது சேற்று டயர் வாங்குகிறோம். இந்த அறிவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, பூசைக்கு வருகிறேன்.

டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சை வைத்து, வண்டியை அதன் மேல் ஏற்றி நசுக்க வேண்டும். பசாரில் பெரிய எலுமிச்சை முடிந்துவிட்டது என்று மச்சான் லீமாவ் கஸ்தூரி வாங்கி வந்திருந்தார். சம்பலுக்குப் பிழிவோமே, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசாக, அதுதான். டயர் மட்டும் பெரிசு, எலுமிச்சை சிறுசு.

பூசாரி சூடம் காட்டினார். பூசணிக்காய் உடைந்தது. வண்டி முன்னே நகர்ந்தது. மூன்று எலுமிச்சை பச்சக் என்று நசுங்கின. நாலாவது நசுங்கவில்லை. இடது முன் டயரின் பள்ளத்துக்குள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. டயர் சுற்ற அதுவும் மேலே வந்தது, கீழே போனது, மறுபடியும் முழுசாக மேலே வந்தது.

மச்சான் ஸ்குரூடிரைவரோடு குனிந்தார். பூசாரி தடுத்தார். "சாமிக்கு வச்சத நோண்டக் கூடாதுங்க. தானா விழட்டும்."

வாசலில் நின்ற அக்கா சொன்னாள், "அது பாட்டுக்கு ஏறி உக்காந்துருச்சு. நான் எப்படி ஏறுறது?"

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வீட்டில் இருக்கிற ஒரே வண்டி இதுதான். ஊசி குத்துவது இடது கையில். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பிக்கப்பில் ஏறும்போது பிடித்துக்கொள்ள வாகாக இருக்கும் கைப்பிடியோ இடது கைப்பக்கம். பழைய உயரத்தில் அது தேவைப்படவில்லை. காலைத் தூக்கி வைத்தால் போதும், ஏறிவிடுவாள்.

திங்கட்கிழமை மச்சான் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலோடு கிளம்பினார். போகும்போது எப்படியோ அதில் ஏறிவிட்டாள். திரும்பும்போதுதான் வம்பு. டயாலிசிஸ் முடிந்தால் காலில் தெம்பே இருக்காது. ஸ்டூல் ஆடியது. மச்சான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். சென்டர் வாசலில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க. நான் என்ன அரிசி மூட்டையா?"

அப்படியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். நான் போனபோதும் அழுகை நிற்கவில்லை. என்னுடைய கதவு நசுங்கின சின்ன காரில் முதலில் உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அன்று சாயந்திரம் மச்சானிடம் கேட்டேன். "வண்டிய இறக்கிப் பழைய டயரையே மாட்டிடலாமே மச்சான்?"

"என்ன லா நீ. இப்பத்தானே போட்டேன். பிக்கப் குரூப்ல எல்லாரும் பாத்துட்டானுங்க. திரும்பப் பழசப் போட்டா என்ன சொல்வானுங்க?"

கவனித்தீர்களா? குரூப்பில் இருப்பவன் என்ன சொல்வான் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. நம்மில் பாதிப் பேர் இந்த ரகம்தான். வீடு கட்டினாலும் சரி, கல்யாணம் செய்தாலும் சரி... பார்க்கிறவனைக் கேட்டுத்தான் செய்வோம். உள்ளே இருக்கப்போகிறவளைக் கேட்க மாட்டோம்.

இப்போது வாரம் மூன்று நாள் அக்காவை நான்தான் அழைத்துப் போகிறேன். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை என்று வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். மச்சான் சும்மா இருப்பாரா? ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு எங்கள் பின்னாலேயே வருகிறார். என் குட்டிக் காரின் கண்ணாடியில் அந்த டயரும் பம்பரும் மட்டும்தான் தெரிகின்றன. மச்சான் முகம் தெரிவதில்லை. அது அங்கே மேலே எங்கேயோ இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சென்டருக்குப் புதிதாக வந்த நர்ஸ் பெண் கேட்டது. "யாருக்கா அது, பெரிய வண்டிக்காரரு? தினம் உங்க பின்னாலயே வாராரு?"

"என் வீட்டுக்காரருதான்" என்றாள் அக்கா. "மேல இருக்காரு. இறங்கட்டும்னு பாக்குறேன்."

வெளியே வந்து அந்த இடது முன் டயரைப் பார்த்தேன். எலுமிச்சை காய்ந்து கறுத்துவிட்டது, இன்னும் விழவில்லை. மச்சானோடு ஊர் சுற்றுவதற்கு இப்போது அது ஒன்றுதான் மிச்சம்.