நாலாவது மாடியிலிருந்து வந்த சலாம்

லிஃப்ட்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது வலக்கையோடு பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை. இந்த நோயில், நாக்குக்கு நன்றாகப் பழகிய சொற்கள் மட்டும் தங்கிவிடுவது உண்டு. நான் பார்த்துக்கொண்ட ஒருவருக்குப் பாட்டு தங்கியது, இன்னொருவருக்குக் கெட்ட வார்த்தை. இவருக்குத் தங்கியது சலாமும் அதன் சொந்தபந்தங்களும்.

கடைகளும் கிளினிக்குகளும் அடுக்கிய கட்டடத்தில் ஆயுசெல்லாம் லிஃப்ட் ஓட்டியவர். தெரிந்தவர் ஏறினால் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’, உங்கள்மேல் சாந்தி உண்டாகட்டும். கதவு மூடும்போது ‘பிஸ்மில்லாஹ்’, இறைவன் பெயரால் தொடங்குகிறேன். மாடி வந்து சேர்ந்ததும் ‘அல்ஹம்துலில்லாஹ்’, புகழெல்லாம் அவனுக்கே. நாளைக்குப் பார்ப்போம் என்றால் ‘இன்ஷா அல்லாஹ்’, அவன் நாடினால்.

“ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறேன்னும் இன்ஷா அல்லாஹ் சொன்னாங்க, நர்சக்கா. அல்லாஹ் நாடிட்டான். இவங்கதான் நாடல” என்பார் அவர் மனைவி.

அந்த லிஃப்டில் சலாம்களும் ஏறி இறங்கின. இரண்டாம் மாடித் தையல்காரர் ஐந்தாம் மாடிப் பல் டாக்டருக்குக் கொடுத்தனுப்புவார். “கொடுத்தனுப்பின சலாம் அமானிதம், நம்மகிட்ட ஒப்படைச்ச பொருள் மாதிரி. சேர்க்காம வீட்டுக்கு வரமாட்டாங்க” என்று பெருமையும் புகாருமாகச் சொல்வார் அந்த அம்மா.

காலையில் அவர் சாதுதான். சலாம் சொல்வார், மனைவி “வஅலைக்கும் சலாம்” என்றதும் கஞ்சி குடிப்பார். மதியம்தான் வம்பு. ஜன்னல் வெயில் சுவரில் மெல்ல ஏறும். அவர் பாதித் தூக்கத்தில் இடக்கையால் காற்றில் பொத்தான் அழுத்துவார். அந்த நேரத்தில் அறையே எங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போவதுபோல எனக்கும் தோன்றும். திடீரென்று விழிப்பார். மனைவியைப் பார்த்துச் சலாம் என்பார். அந்த அம்மா பதில் சொல்வார். அவர் தலையை ஆட்டி மறுப்பார், திரும்பவும் சொல்வார், கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்குவார்.

“எத்தனை தடவைதான் பதில் சொல்றது? என்னை யாருன்னே தெரியலையா உங்களுக்கு?” அந்த அம்மா முந்தானையால் கண்ணை அழுத்திக்கொள்வார்.

சிறுநீர் கட்டியிருக்கிறதா, முதுகில் புண்ணா, காய்ச்சலா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. மகள் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள்.

“அத்தாவுக்குப் புத்தி கலங்குதாம். வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா தூக்க மாத்திரை ஆரம்பிக்கலாம்னார்.”

மாத்திரை தொடங்கினால் பகலெல்லாம் கிடப்பார். இப்போதுதான் என் தோளைப் பிடித்து நாலு அடி வைக்கிறார், அதுவும் போகும். புத்தி தெளிவாக இருக்கிறது என்று காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை படியேறும்போது கீழ்வீட்டுப் பெயிண்டர், “பெரியவருக்கு என் சலாம் சொல்லுங்கம்மா” என்றார். மதியம் பெரியவர் குதிகாலுக்கு எண்ணெய் தேய்க்கையில் ஞாபகம் வந்து, “கீழ்வீட்டுக்காரர் உங்களுக்கு சலாம் சொன்னார்” என்றேன்.

சரியாகப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரலால் என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டி, தன்னைக் காட்டி, மனைவியைக் காட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“இது உங்க சலாம் இல்லையா? யாரோ எனக்குக் கொடுத்தனுப்பினதா?”

“அல்ஹம்துலில்லாஹ்!” கட்டிலே அதிர்ந்தது.

“யாரு?”

காற்றில் பொத்தான் அழுத்தினார். பிறகு நாலு விரல்.

“நாலாவது மாடி. கண் டாக்டர்.” அந்த அம்மா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “எங்க அக்கா கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டான்னு கேள்விப்பட்டேன். அக்காவா?”

“அல்ஹம்துலில்லாஹ்.” இந்தத் தடவை மெதுவாக.

அக்கா மகள் கல்யாணத்தில் இந்த அம்மாவை ஒப்புக்குக் கூப்பிட்டார்களாம். அவளாகச் சலாம் சொல்லும்வரை அவள் வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அக்கா லிஃப்டில் ஏறி இறங்கிய அன்று சாயங்காலமே இவர் விழுந்துவிட்டார். சலாம் வழியிலேயே நின்றுவிட்டது.

வெயில் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். சலாம் வந்து சேர்ந்துவிட்டது, அதற்குப் பதில்தான் வரவேண்டும். அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அலைக்க வஅலைஹஸ் ஸலாம்” என்றார் அந்த அம்மா கடைசியில். கொண்டுவந்த உங்கள்மேலும், அனுப்பிய அவள்மேலும் சாந்தி.

அவர் கம்பியை விட்டார். நான் தலையணையைச் சரிசெய்வதற்குள் தூங்கிப்போனார். அந்த அம்மா மகளைக் கூப்பிட்டு, “மாத்திரையும் வேணாம் ஒண்ணும் வேணாம். உங்க பெரியம்மா நம்பர் இருந்தா கொடு” என்றார்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு வாசற்படியிலேயே நின்றார். சலாம் சொல்லிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

கட்டிலில் இருந்தவர் இடக்கையைத் தூக்கினார். காற்றில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

“பிஸ்மில்லாஹ்.”

“சீக்கிரம் உள்ள வாக்கா” என்றார் தங்கை. “கதவை மூடப்போறாங்க.”