மாமன் மடி

எனக்குக் காது குத்தும்போது ஆறு வயது. என் சோட்டுப் பெண்களெல்லாம் தோடு போட்டுக்கொண்டு என்னைக் கேலி செய்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? என் மாமாவோ ஒரு வருடம் ஜெயிலில் இருந்தார், அடுத்த வருடம் தேர்தல் வேலையில். போதாததற்கு, சாமி இல்லை என்று மேடை மேடையாகப் பேசுகிறவர். அவரை அய்யனார் கோயிலுக்கு வரவழைப்பது லேசான காரியமா?

அம்மா அழுதே சாதித்தாள். அதற்குள் இன்னொரு வம்பு. குடவாசல் கடைத்தெருக் கூட்டத்தில் மாமா, கோயில் நிலத்தை உழுகிறவனுக்கே விட வேண்டும் என்று பேசிவிட்டார். அந்த நிலத்தைக் காலங்காலமாகக் கையில் வைத்திருந்த பண்ணைக்காரர்கள், அவர் சாமியைத் திட்டியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டவர்கள்தான். அவர்களுக்கு, நிலம் என்றதும் பக்தி பொங்கிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய அவர்கள் வீட்டு இளவட்டங்கள், "உங்க அண்ணன் கோயில்ல கால வச்சா, கால் இருக்காது" என்று எங்கள் வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேறு யார் மடியிலாவது உட்கார வைத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா மசியவில்லை.

மாமா வந்தார். கறுப்புச் சட்டையும் கையில் சீர்த்தட்டுமாக, வரப்பு வழியே தனியாகக் கோயிலுக்கு வந்தார்.

"நாலு கட்சிக்காரங்களையாவது கூட்டிட்டு வரக் கூடாதாண்ணே?"

"காதுகுத்துக்கு எதுக்கும்மா பட்டாளம்? எம் பேச்சு புடிக்கலைன்னா அவங்களும் மேடை போட்டுப் பேசட்டும்."

சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். அந்த மடியைப் போல ஒரு பத்திரமான இடம் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை. ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அலறினேன். அப்போதுதான் மதிலுக்கு அப்பாலிருந்து கற்கள் வந்தன. மாமா என்னை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு மேலே கவிழ்ந்துவிட்டார். அவர் நிமிர்ந்தபோது என் புதுப் பாவாடையெல்லாம் ரத்தம்.

என் காதுதான் இப்படிக் கொட்டுகிறது என்று ஊரைக் கூட்டினேன். துண்டால் தலையை அழுத்திப் பிடித்தபடி மாமா, "காது குத்துனா ரத்தம் வரத்தான் செய்யும் கண்ணு" என்றார். பிறகு ஆசாரியைப் பார்த்து, "அந்தக் காதையும் குத்திடுங்க" என்றார்.

வெகுநாள் வரை, எனக்கு வந்தமாதிரி ரத்தம் எவளுக்கும் வந்ததில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மாமா இருந்தால், "ஆமாமா, குடம் குடமா வந்துச்சு" என்று ஒத்து ஊதுவார். அம்மா மட்டும் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று அவளுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.