ராணியின் கடைவாய்

அரியாலையில் கடல்நீரேரி வற்றிக் கிடக்கிறது. காய்ந்த சேற்றின்மேல் ராணி என்ற குதிரையில் நான் போகிறேன். சொந்தக்காரர் தேவன் அண்ணை மோட்டார் சைக்கிளில் கூடவே வருகிறார்.

"கடிவாளத்தை விட்டு விட்டுப் பிடியுங்கோ. இறுக்கினா உவள் இழுப்பாள்."

வீட்டுப் பக்கம் திரும்பியதும் ராணி பாய்கிறாள். பயத்தில் "நில்! நில்!" என்று கத்துகிறேன், கடிவாளத்தைப் பலங்கொண்ட மட்டும் இழுக்கிறேன். கத்தக் கத்த வேகம் கூடுகிறது. வேலியடிக்கு வந்துதான் தானாக நிற்கிறாள்.

"வண்டிச் சவாரிப் போட்டிக்கு மாடு வளர்க்கிறவையின்ரை வீட்டில வளர்ந்தவள்," என்கிறார் அண்ணை. "கத்தினா ஓட வேணும் எண்டு பழக்கிப்போட்டினம். முதலே சொல்லியிருக்க வேணும் நான்."

ராணியின் கடைவாயில் இரத்தம் கசிகிறது. அவர் உடுத்திருக்கும் சாரத்தின் நுனியால் அதை ஒற்றுகிறார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"இன்னொருக்கா மெதுவாகப் போய்ப் பார்க்கட்டுமா அண்ணை? இப்போது விளங்கிவிட்டது."

"வேண்டாம் தம்பி." அவர் கடிவாளத்தைக் கழற்றுகிறார். "நீங்கள் நாளைக்கு உங்கடை ஊருக்குப் போயிடுவியள். இனி உந்தக் கடிவாளத்தை நான் கொண்டுவந்தாலும் இவள் தலையைத் திருப்பிப்போடுவாள்."