உருளைக்கிழங்குத் தீவின் முதல் நாள் உறை

எனக்குத் தெரிந்தவரை நெய்வேலி நகரியத்தில் தபால்தலை சேகரிப்பவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரை வைத்துச் சங்கம் நடத்த முடியாது, கட்சி நடத்தலாம். ஆளுக்கொரு கட்சி நடத்தினோம்.

என் கட்சி, தண்ணீர்க் கட்சி. தபால்தலை ஒட்டிய மூலையைக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை விட்டதும் உரித்து, உலர்த்தி, தடித்த அகராதிக்கு அடியில் வைத்து அழுத்துவேன். அகராதியை நான் அதற்காகத்தான் வாங்கினேன் என்பது என் மனைவியின் கருத்து. எதிர்க்கட்சிக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் மெக்கானிக். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். உறையைக் கிழிக்கவே கூடாது, தபால்தலை, முத்திரை, விலாசம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"உறையோட இருந்தாத்தான சார் அது எங்கேருந்து எப்படி வந்துச்சுன்னு தெரியும்?" என்பார்.

"மாம்பழத்த மரத்தோடவாண்ணே வாங்குறீங்க?" என்பேன்.

இதற்கு மேல் எங்கள் கொள்கை விவாதம் வளர்ந்ததில்லை.

அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது ஒரு செய்தியோடு வந்தார். தெற்குக் கடலில் ஒரு தீவு. பெயரைச் சொன்னால் படிப்பதை விட்டுவிட்டு செல்போனில் தேடப் போவீர்கள், சொல்ல மாட்டேன். எங்கள் பிளாக்கில் இருக்கும் ஜனத்தொகைகூட அங்கே கிடையாது. கப்பல் எப்போதாவது வரும். அந்தத் தீவு, தன் உருளைக்கிழங்குத் தோட்டங்களைச் சிறப்பித்து நான்கு தபால்தலைகள் வெளியிடப் போகிறது.

"கெழங்குக்குப் போடுறானுவோ சார்! நம்ம ஊரு பக்கம் இம்மாங் கரும்பு போடுறோம், எவனாவது ஒரு ஸ்டாம்பு போட்டானா?"

அவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். ஷிப்ட் போக மீதி நேரம் விவசாயி. அந்த நான்கும் ஒட்டி, வெளியான அன்றைய முத்திரை குத்திய முதல் நாள் உறை அவருக்கு வேண்டும். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை அதற்காகக் காலியாக வைத்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், கப்பல் வந்து சேர்வதற்குள் அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்திருப்பார். ஊரில் வீடு இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவே வைக்காத வீட்டுக்குத் தபால்காரர் எங்கே போடுவார்?

"உங்க விலாசம் குடுத்துடலாம் சார். உங்களக் காட்டியும் பத்திரமா யாரு வச்சிருப்பாங்க?"

இந்த வாக்கியத்தை நான் பிறகு பல தடவை நினைத்துக்கொள்ள நேர்ந்தது. தீவின் தபால் நிலையத்துக்கு ஆங்கிலக் கடிதம் எழுதியது நான்தான். 'மேன்மை தங்கிய' என்ற அளவுக்குப் போயிருந்தேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். புதன்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "வந்துச்சா?" என்பார். மழைக்காலம் போய் வெயில் வந்தது. உறை வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, நான் டியூட்டியில் இருந்தபோது வந்தது. என் மனைவி அதை வாங்கி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப்பையில் போட்டாள். பிளாக்கில் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் காலி உறைகளுக்கான பை அது. 'எந்தக் கவர் வந்தாலும் பையில போடு' என்பது இருபது வருடமாக நான் போட்டிருக்கும் உத்தரவு. எங்கள் வீட்டில் என் உத்தரவு ஒன்றாவது நிறைவேறியிருக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் கிரிக்கெட். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, பையைக் கவிழ்த்து, ஒன்றன்பின் ஒன்றாக மூலையைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் டப்பாத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், தண்ணீரில் ஓர் உருளைக்கிழங்கு மிதக்கிறது. பக்கத்தில் இன்னும் மூன்று.

அடுத்த இரண்டு நாளும் அறுவை சிகிச்சை. உறையில் கத்தரித்த மூலைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் கொடுத்து, சோற்றுப் பசையால் நான்கையும் திரும்ப ஒட்டினேன். முத்திரை வட்டத்தில் பாதி தபால்தலைமேல், பாதி உறைமேல். இரண்டு பாதிக்கும் சமாதானம் ஏற்படவில்லை.

"நாலடி தள்ளி நின்னு பார்த்தா தெரியல, இல்ல?" என்றேன்.

"அப்ப அண்ணன நாலடி தள்ளியே நிக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

புதன்கிழமை வந்தார். "வந்துச்சா?"

"வந்துடுச்சுண்ணே."

அறுபது வயது மனிதர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உறையைக் கொடுத்ததும் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சார், கப்பல்ல தண்ணி கிண்ணி பூந்துடுச்சா?"

எவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்டார் பாருங்கள். 'ஆமாண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சமுத்திரம் வந்து மறுக்கப் போவதில்லை. மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் அப்படிச் சொல்லாதது அவள் பார்த்ததற்காக இல்லை. என்னைவிடப் பத்திரமாக யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்பி மாதக்கணக்கில் பஸ்ஸில் வந்துபோன மனிதரிடம் சொல்ல அந்த வார்த்தை வரவில்லை.

"கப்பல்ல இல்லண்ணே. எங்க வீட்டு டப்பாவுல. நாந்தான் போட்டேன்."

மனைவி காபியை அவர் முன் வைத்தாள். காபி ஆடை கட்டியது.

கடைசியில், "எவ்ளோ நேரம் ஊறுச்சு?" என்றார்.

"இருபது நிமிஷம்."

"வெதுவெதுன்னுதான?"

"ஆமா."

"அதான் கலரு போவல" என்றார், ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும் தொனியில். உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார். இனி வரமாட்டார் என்று நான் மனைவியிடம் சொன்னேன். நானாக இருந்தால் வரமாட்டேன்.

அடுத்த புதன்கிழமை செருப்புச் சத்தம் கேட்டது. கையில் ஒரு கடிதம். தீவின் தபால் நிலையத்துக்கு அவரே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'என் நண்பர் நல்லவர். உங்கள் உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டார். தயவுசெய்து இன்னொன்று அனுப்புங்கள்' என்பது அதன் சாரம். நான் எழுதிய 'மேன்மை தங்கிய' கடிதத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். விலாசம் மட்டும் மேல்பட்டாம்பாக்கம். வீட்டுக்குக் கதவு வைத்தாகிவிட்டதாம்.

தபால் நிலையத்துக்குச் சேர்ந்து நடந்தோம். கவுண்டரில் வாங்கிய இந்திய ஸ்டாம்புகளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒட்டுற வேலைய நீங்க பாருங்க சார்" என்றார். "வந்ததும் பிரிக்கிறத நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேராக ஒட்டினேன்.