பெரட்டுக்கு வந்த அத்தை

தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மாமியார் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு ஆறு வருசமாகிறது. போன வருசம் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தார். சாப்பிட்ட கையோடு, சாப்பாடே தரவில்லை என்பார். விடிந்தால் "பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் போடணும்" என்று கொழுந்துக் கூடையைத் தேடுவார். மருமகளை அலைக்கழிக்கத்தான் இந்த நடிப்பு என்று நினைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். கூடையையும் ஒளித்து வைத்தேன்.

ஒருநாள் காலை கூடையில்லாமலே போய்விட்டார். மலை முழுக்கப் பனிமூட்டம். எவ்வளவு கூப்பிட்டும் பதிலில்லை. அப்போதுதான், வேலைக்கு ஆள் கூட்ட அடிக்கும் தப்பு மேளம் ஞாபகம் வந்தது. காலையில் கங்காணி ஆள் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் என் கணவர் நின்று அதை அடித்தார். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து அத்தை வந்து நின்று, பெற்ற மகனைப் பார்த்து, "பேர் போடுங்க கங்காணி" என்றார்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தையிடம் நிறையக் கேள்வி கேட்டார். பிறகு என்னிடம், "நடிப்பில்லம்மா, மூளை தேயுற வியாதி. நேத்து நடந்தது போயிரும், பழசு நிக்கும்" என்றார்.

கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவர் கிளம்பினால், "பேர் போட்டாச்சு அத்தை, தேத்தண்ணி குடிங்க" என்கிறேன். உட்கார்ந்துவிடுகிறார். நான் ஏசியதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. எனக்குத்தான் மறக்கவில்லை.