மொர்வானின் காயாத பலகை

மனித அறிவு மரணத்தின் முன் மண்டியிட்டதை நேரில் கண்டவன் நான். ஓவிய விமர்சகன் என்பதால் உண்மை எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இது உண்மை. பாரிசில், 1956 நவம்பரில், எனக்கே நடந்தது.

ஓவியர் மொர்வான் அந்த மார்ச்சில் இறந்திருந்தார். உருவம் எதுவும் வரையமாட்டார். சாயத்தைக் கத்தியால் அப்பி இழுப்பார், அவ்வளவுதான். அவர் அறையில் கிடந்த, கையெழுத்தில்லாத ஒரு பலகையைக் 'கடைசிப் படம்' என்று கண்டுபிடித்தவன் நான். 'முடிவின்மையின் மூச்சு' என்று அதைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதினேன். அசல் என்று சான்றும் கொடுத்தேன். மதாம் அர்துவேன் தன் ஓவியக்கூடத்தின் நடுச்சுவரில் அதை மாட்டினாள். வியாழன் மாலை ஆறுக்குக் கண்காட்சித் திறப்பு.

செவ்வாய் காலை 9.20. பலகையின் ஓரத்தில் புதிதாக ஒரு நீலக் கீற்று. தொட்டேன்.

ஈரம்.

"நீங்க பூசினீங்களா, லூசியன்?" என்றாள் மதாம்.

"நானா? எனக்கு ஜன்னலுக்கே பெயிண்ட் அடிக்கத் தெரியாது."

"தெரியுமே. அதனாலதானே விமர்சகர் ஆனீங்க! செத்து எட்டு மாசம் ஆனவர் படம் ஈரமா இருந்தா போலின்னுருவாங்க. சான்றுல இருக்கறது உங்க கையெழுத்து, ஞாபகம் வச்சுக்கோங்க."

துடைத்தேன். புதனன்று மூன்று கீற்றுகள். கூடத்தின் சாவி மதாமிடம் மட்டுமே இருந்தது.

வியாழன் 5.55. மறுபடி ஈரம். துடைக்க நேரமில்லை. யாரும் தொட்டுவிடாதபடி, பலகைக்கு முதுகைக் காட்டி, ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டேன். வந்தவர்கள் ஒயினும் கையுமாக என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "ஆகா" என்றார்கள்.

6.25. பின்னால், சாயம் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம்...

சரக்.

தோள்பட்டைகளுக்கு நடுவே சில்லென்று ஏதோ இறங்கியது.

சரக்... சரக்...

நான் திரும்பவில்லை.

8.40. வீட்டில் கோட்டைக் கழற்றினேன். முதுகெங்கும் விரல் தடிமனுக்குச் சாயம். பலகையில் எங்குமே இல்லாத சிவப்பு.

மறுநாள் மொர்வான் குடியிருந்த கட்டடத்துக்குப் போய், வாசல் காக்கும் மதாம் கெரெலிடம் பலகையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? அது அவரு கத்தி துடைக்கிற பலகையாச்சே! படத்துல ஒரு இழுப்பு, பலகையில ஒரு துடைப்பு. அவரு வேலை செய்யாத நாள்ல அதுல ஒரு பொட்டுகூட விழாது, ஐயா."

அப்படியானால் என் முதுகில் அவர் படம் தீட்டினாரா, இல்லை அங்கேயும் கத்தியைத்தான் துடைத்தாரா?

முப்பது வருட விமர்சகன் நான். விளக்கைப் பக்கத்தில் வைத்து அந்தக் கோட்டைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

எனக்குத் தெரியவில்லை.